அடையாளம் காட்டிய முத்தம்

அயர்லாந்து நாட்டின் தலைநகராகிய டப்ளினிலே தேசிய சித்திரசாலை என்றொரு கலைக்கூடம் உண்டு. அங்கே, நாலரை அடிக்குச் சற்றுக் குறைந்த உயரமும் ஐந்தரை அடி அகலமுமுள்ள தைல வர்ணச் சித்திரம் ஒன்று இருக்கின்றது. யேசு பெருமானைப் போர்வீரர் சிறைப்பிடித்த இரவே அதன் பொருள். 1602ஆம் ஆண்டிலே உரோமாபுரியில் அதனைத் தீட்டியவர், கரவாஜியோ என உலகறிந்த இத்தாலிய ஓவியர்.

இவை யாவும் இன்று எவரும் அறிந்த செய்திகள். ஆனால், 1990ஆம் ஆண்டுவரை நிலைமை வேறு. கலை வரலாற்றாசிரியர்கள் இச்சித்திரத்தைக் காணாமற்போனவற்றுள் ஒன்றாகவே குறித்து வந்தனர். அவர்கள் அவ்வாறு எழுதிக்கொண்டிருந்த காலமெல்லாம் அது அழிந்துபோகவும் இல்லை. நிலவறையிலே ஒளித்துவைக்கப்படவும் இல்லை. அதே டப்ளின் நகரிலே, குருமார் இல்லமொன்றின் போசனசாலைச் சுவரில், வருவோர் போவோர் கண்ணுக்கு முன்னால், பிறிதொருவர் பெயரைத் தாங்கிக்கொண்டு தொங்கிற்று. பல்லாண்டு காலமாக அதனருகே அமர்ந்து உணவருந்தி எழுந்து சென்றோர் பலர்.

பார்த்தவர் பலர், அறிந்தவர் எவருமில்லை. இஃது எவ்வாறு நேர்ந்தது? இக்கேள்விக்கு விடை காணப் புகுவோர்க்கு வியப்பானதொரு பொருத்தம் புலப்படும். இச்சித்திரத்தின் உள்ளே நிகழ்வது, இருளில் நிற்கும் ஒருவரை இன்னார் என்று அடையாளம் காட்டும் செயல். இச்சித்திரத்துக்கு நேர்ந்ததும், அடையாளம் இழந்து அடையாளம் பெற்ற வரலாறே.

இருளும் முத்தமும்

விவிலிய நூலின் புதிய ஏற்பாடு கூறும் நிகழ்ச்சி இது. யேசு தம் சீடரோடு இறுதி இராப்போசனத்தை முடித்துக்கொண்டு, எருசலேம் நகருக்கு வெளியே, கெதரோன் ஓடைக்கு அப்பாலுள்ள கெத்செமனித் தோட்டத்துக்குச் சென்று செபத்தில் ஆழ்ந்திருந்தார். பன்னிரு சீடருள் ஒருவனாகிய யூதாஸ் மாத்திரம் அங்கே இல்லை. முப்பது வெள்ளிக்காசுக்குத் தன் குருவைக் காட்டிக்கொடுக்க இசைந்த அவன், ஆயுதந் தாங்கிய கூட்டமொன்றை அழைத்துவரப் போயிருந்தான். அவர்கள் தீவட்டிகளும் விளக்குகளும் ஏந்தி வந்தனர் என யோவான் எழுதிய சுவிசேஷம் கூறுகின்றது.

வந்தவர்க்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. நேரமோ இரவு, இடமோ தோட்டம், அங்கு நின்றவரோ அணிகலனும் பட்டமும் இல்லாத எளிய மனிதர் சிலர். அவருள் யேசு யார் என்று அறிவது எங்ஙனம்? அதற்காகவே யூதாஸ் முன்கூட்டியே ஒரு குறிப்பைச் சொல்லி வைத்திருந்தான். தான் எவரை முத்தமிடுகின்றானோ அவரே பிடிக்கப்படவேண்டியவர் என்பது அக்குறிப்பு.

விரலாற் சுட்டியிருக்கலாம், பெயரைச் சொல்லிக் கூவியிருக்கலாம். அவன் தெரிந்துகொண்டதோ அன்பின் அடையாளத்தை. சீடன் குருவுக்கு இடும் வணக்க முத்தமே அன்றிரவு ஒற்றனின் சைகையாயிற்று. பகைவன் தாக்க வல்லவன். ஆனால் இவ்வாறு காட்டிக்கொடுப்பதற்கு உடனிருந்து உண்டவன் ஒருவன் வேண்டும். இந்நிகழ்ச்சி இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர் நெஞ்சை உறுத்துவது இதனாலன்றோ?

கரவாஜியோவுக்கு முன்னரும் ஓவியர் பலர் இக்காட்சியைத் தீட்டியுள்ளனர். அவருள் தலைசிறந்தவர் ஜியோத்தோ. இத்தாலியின் பாதுவா நகரிலுள்ள ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயத்தின் சுவரிலே, சுமார் 1305ஆம் ஆண்டில், அவர் இதனைத் தீட்டினார். அங்கே யூதாஸின் மஞ்சள் மேலாடை யேசுவைப் போர்த்து மூடுகின்றது. சுற்றிலும் பெருங்கூட்டம், வானை நோக்கி நிமிர்ந்த ஈட்டிகள், தீவட்டிகள், ஒருபுறத்தில் சீடர் இராயப்பர் கத்தியை எடுத்து, பிடிக்க வந்தவருள் ஒருவனின் காதை வெட்டுகின்றார். சுவிசேஷம் கூறும் செய்திகளையெல்லாம் ஒரே சுவரில் அடக்கிக் காட்டும் முறை அது.

மூன்று நூற்றாண்டுகளின் பின்னர் வந்த கரவாஜியோ இவற்றிற் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டார். அவருடைய சித்திரத்திலே தோட்டம் இல்லை, வானம் இல்லை, கூட்டம் இல்லை, வெட்டுண்ட காதும் இல்லை.

ஏழு உருவங்கள்

எஞ்சியவை ஏழு உருவங்களும் இருளும் மாத்திரமே. அவ்வுருவங்களும் தலை முதற் பாதம் வரை காட்டப்படவில்லை. ஏறக்குறைய ஆளளவினதாய், கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்னும்படி, சித்திரத்தின் முன்விளிம்பிலேயே அவை நெருக்கியடித்து நிற்கின்றன. பார்ப்பவர் தூரத்தே நின்று வேடிக்கை பார்க்க ஓவியர் இடம் வைக்கவில்லை.

இடது ஓரத்தில், வாய் திறந்து அலறியவண்ணம், கைகளை உயர்த்தி ஓடுபவர் சீடர் யோவான். கத்தோலிக்கர் அருளப்பர் என வழங்குபவர். அவருடைய செந்நிற மேலாடையைப் பின்னாலிருந்து ஒரு வீரன் பற்றி இழுக்கின்றான். பற்றியவர் கையிலே துகிலை விட்டுவிட்டு வாலிபன் ஒருவன் தப்பியோடினான் என்று மாற்கு கூறும் செய்தியை இது நினைவூட்டும். அச்செவ்வாடை காற்றில் விரிந்து, யேசுவின் தலைக்கும் யூதாஸின் தலைக்கும் மேலே வில்போல் வளைந்து, இருவரையும் ஒரே கூரையின் கீழ் அடைத்தாற்போலத் தோன்றுகின்றது.

அதன் கீழே இரண்டு முகங்கள். யூதாஸின் நெற்றி ஆழமாகச் சுருங்கியிருக்கின்றது. அவனுடைய கை யேசுவை இறுகப் பற்றியிருக்கின்றது. முத்தமிட்டு முடிந்ததோ, இனித்தான் இடப்போகின்றானோ எனத் துணிய முடியாத கணம் அது. ஓவியர் அவனை அரக்கனாகத் தீட்டவில்லை. வெயிலிற் கருகிய, உழைத்துக் களைத்த, தான் செய்வதைக் குறித்துத் தானே திகைக்கின்ற ஒரு மனிதனாகவே தீட்டியிருக்கின்றார். அதனாலேதான் அம்முகத்தை நெடுநேரம் பார்த்திருப்பது கடினமாகின்றது. அந்நியனென்று அவனை எளிதில் ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை.

யேசுவோ அவனைத் தள்ளவுமில்லை, நிமிர்ந்து நோக்கவுமில்லை. கண்கள் தாழ்ந்திருக்கின்றன. சித்திரத்தின் கீழ்ப்பகுதியிலே, அவருடைய கைகள் இரண்டும் விரலோடு விரல் கோத்தபடி அமைதியாகத் தாழ்ந்திருக்கின்றன. எதிர்க்கும் கையுமன்று, இரக்கும் கையுமன்று. ஓட்டமும் இழுப்பும் நெருக்கமும் நிறைந்த இச்சித்திரத்திலே அசையாதிருப்பவை அவ்விரு கைகளே. 1672ஆம் ஆண்டிலே ஓவியர்களின் வரலாற்றை எழுதிய பெல்லோரி என்னும் அறிஞர், கரவாஜியோவின் முறையைக் கடுமையாகக் குறைகூறியவர். அவரும் இச்சித்திரத்தை விவரிக்கையில் அக்கைகளைக் குறிப்பிடாமல் விடவில்லை.

நடுவிலே கவசம் பூண்ட வீரன் ஒருவன். அவனுடைய இரும்புக் கையுறை யேசுவின்மேல் நீள்கின்றது. தலைச்சீரா மறைத்தலால் அவன் கண்கள் தெரியவில்லை. யாரைப் பிடிக்கின்றோம் என்பதை அவன் கண்கள் அறியா. அவனுக்கு ஒரு குறி கிடைத்தது, அதுவே போதும். அவன் பூண்டிருக்கும் கவசம் யேசு காலத்து உரோம வீரனுடையதன்று. கரவாஜியோ தம் காலத்து வீரர்மேற் கண்ட கவசமே அது. பழங்காலத்துக் கதையென்று எவரும் அதனை ஒதுக்கிவிடக்கூடாது என்பது ஓவியரின் கருத்துப்போலும்.

வலப்புறத்திலே, வீரர்களுக்குப் பின்னால், கையில் லாந்தரை உயர்த்தி, தோள்களுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் தாடிக்காரன் ஒருவன் நிற்கின்றான். அம்முகம் கரவாஜியோவின் சொந்த முகமே எனக் கலை வரலாற்றாசிரியர் கொள்வர். தம் கதையிலே தமக்கு அவர் தெரிந்துகொண்ட இடம் சிந்திக்கத்தக்கது. அவர் யேசுவின் அருகே நிற்கவில்லை. ஓடும் சீடரோடும் ஓடவில்லை. பிடிக்க வந்தவரின் கூட்டத்திலே நிற்கின்றார். பிடிப்பவன் அல்லன், பார்ப்பவன். ஆயினும் வெளிச்சம் பிடித்துக்கொண்டு பார்ப்பவன். காணும் ஆவலால் லாந்தரை உயர்த்தியவன் சாட்சியா, உடந்தையா? இக்கேள்வியைச் சித்திரம் விடுவிக்கவில்லை. வேறொன்றும் கவனிக்கத்தக்கது: முகங்களின்மேல் விழும் ஒளி அந்த லாந்தரிலிருந்து வருவதன்று. அது இடப்பக்கத்து உயரத்தில், சித்திரத்துக்கு வெளியே, எங்கிருந்தோ வருகின்றது.

இருளைத் தீட்டியவர்

கரவாஜியோவின் இயற்பெயர் மிக்கேலாஞ்சலோ மெரீசி. 1571ஆம் ஆண்டிற் பிறந்தவர். கரவாஜியோ என்பது மிலான் நகருக்குக் கிழக்கே அவருடைய குடும்பத்தார்க்கு உரிய ஊரின் பெயர்; அதுவே அவர்க்குப் பெயராயிற்று. ஆறு வயதிலே கொள்ளைநோயினால் தந்தையையும் பாட்டனாரையும் இழந்தார். இருபதைக் கடந்த பருவத்தில் உரோமாபுரிக்கு வந்து, தொடக்கத்திலே வறுமையில் உழன்று, பின்னர் 1600ஆம் ஆண்டளவில் நகரமே பேசும் ஓவியரானார்.

அக்காலத்தில் வளர்ந்த கலைமுறையைப் பரோக் என்பர். 1563ஆம் ஆண்டில் முடிவுற்ற திரெந்து சங்கத்திலே கத்தோலிக்கத் திருச்சபை சமயச் சித்திரங்களைப் பற்றியும் ஆராய்ந்தது. எழுத்தறியாத மக்களுக்கும் வேதநூற் செய்திகளை அவை தெளிவாக உணர்த்தவேண்டும், அவர்கள் உள்ளத்தை அசைக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். இந்த நோக்கத்தைப் பலர் பலவாறு நிறைவேற்றினர். சிலர் மேகங்களையும் தேவதூதர்களையும் நாடினர். கரவாஜியோ நாடியது தெருவிலே நடமாடும் மனிதரை. அவர்களையே மாதிரியாக நிறுத்தி, அப்போஸ்தலராகவும் புனிதராகவும் தீட்டினார். அழுக்கேறிய பாதமும் கிழிந்த சட்டையும் திருத்தலத்துக்கு ஏற்றவையல்ல எனச் சினந்தோர் பலர்.

அவருடைய கைமுறையை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. தைல வர்ணம் என்பது நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெய் முதலியவற்றிற் குழைத்துச் செய்வது. அது மெதுவாக உலரும். ஆதலால் ஒரு நிறத்தை மற்றொன்றுடன் இழைக்கவும், மெல்லிய பூச்சுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக இடவும், வேண்டாததை மூடித் திருத்தவும் முடியும். கரவாஜியோ முதலிற் சீலை முழுவதற்கும் கபில நிறப் பூச்சொன்றைப் பூசுவார். அவ்விருண்ட நிலத்திலிருந்து ஒளி படும் பகுதிகளை மாத்திரம் வெளிக்கொணர்வார். அவர் முன்கூட்டி வரைந்த மாதிரிப் படங்கள் எவையும் இன்று கிடைப்பதில்லை. சீலையிலேயே நேராகத் தொடங்கி, போகப்போகத் திருத்திக்கொள்பவர் எனக் கருதப்படுகின்றது. இக்குறிப்பை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும், பின்னர் பயன்படும்.

1601ஆம் ஆண்டளவிலே உரோமாபுரியில் மத்தேயி என்னும் செல்வக் குடும்பத்தாரின் மாளிகையில் அவர் தங்கியிருந்தார். அக்குடும்பத்தவராகிய சிரியாக்கோ மத்தேயி என்பவருக்காகவே இச்சித்திரத்தைத் தீட்டினார். 1603ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 2ஆம் நாள் 125 ஸ்கூடி நாணயம் கொடுக்கப்பட்டதாக அவ்வீட்டுக் கணக்குப் புத்தகத்திலே பதிவு இருக்கின்றது.

மூன்றாண்டுகளின் பின்னர், 1606ஆம் ஆண்டு மே மாதத்தில், தெருச்சண்டையொன்றில் கரவாஜியோ ஒருவனைக் கொன்றுவிட்டு உரோமாபுரியிலிருந்து ஓடினார். நாப்பொலி, மால்ட்டா, சிசிலி என அலைந்தார். அலைந்த இடமெல்லாம் சித்திரம் தீட்டினார். மன்னிப்புப் பெறும் நம்பிக்கையோடு உரோமாபுரியை நோக்கித் திரும்பும் வழியில், 1610ஆம் ஆண்டு ஜூலையில், முப்பத்தெட்டு வயதிலே இறந்தார். பிறரைப் பிடிக்க வந்தவரின் நடுவே லாந்தரோடு தம்மை நிறுத்தியவர், தம் வாழ்நாளின் இறுதி நான்கு ஆண்டுகளைப் பிடிபடுவோம் என்னும் அச்சத்திலேயே கழித்தார்.

பெயர் போன கதை

அவருடைய புகழ் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அழகிய மேனியையும் ஒழுங்கான அமைப்பையும் விரும்பிய பிற்காலத்தார் அவருடைய இருளை வெறுத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டிலே அவர் பெயர் மங்கிப்போயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், மத்தேயி குடும்பத்தாரிடமிருந்த இச்சித்திரமும் ஹொந்தோர்ஸ்ட் என்பவருடையதாக எண்ணப்படலாயிற்று.

ஹொந்தோர்ஸ்ட் ஒல்லாந்து தேசத்தவர். இளமையில் உரோமாபுரிக்கு வந்து, கரவாஜியோவின் முறையைக் கற்று, மெழுகுவர்த்தி வெளிச்சத்து இராக்காட்சிகளைத் தீட்டிப் பெயர் பெற்றவர். இத்தாலியர் அவரை இரவுகளின் கெரார்தோ என்றே அழைத்தனர். இரவுக் காட்சியும் லாந்தரும் கண்டவுடன் அவருடையதெனத் துணிந்தனர் போலும். 1602ஆம் ஆண்டிலே இந்த ஹொந்தோர்ஸ்ட் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன்! மாணவனுடைய பெயர் ஆசிரியருடைய சித்திரத்தின்மேல் ஏறிவிட்டது.

மத்தேயி குடும்பம் செல்வம் குன்றியபோது, 1802ஆம் ஆண்டில், வில்லியம் ஹமில்ற்றன் நிஸ்பெற் என்னும் ஸ்கொத்லாந்துக் கனவான் ஆறு சித்திரங்களை வாங்கினார். அவற்றுள் இதுவும் ஒன்று. ஹொந்தோர்ஸ்ட் என்னும் பெயரோடேயே அது கடல் கடந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஸ்கொத்லாந்து மாளிகையொன்றிலே இருந்தது. பின்னர் அக்குடும்பத்தின் உடைமைகள் பிரிக்கப்பட்டபோது, ஸ்கொத்லாந்துத் தேசிய சித்திரசாலையார் சில சித்திரங்களைத் தெரிந்துகொண்டு இதனை விட்டுவிட்டனர். 1921ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்து ஏலமொன்றில் இது 8 கினிக்கு, அஃதாவது 8 பவுண் 8 ஷிலிங்குக்கு, விலைபோயிற்று.

ஒரு விதவையின் காணிக்கை

அதன் பின்னர் இச்சித்திரம் மேரி லீ-வில்சன் என்னும் ஐரிஷ் பெண்மணியின் கைக்கு வந்தது. அவருடைய கணவர் பேர்சிவல் லீ-வில்சன், அயர்லாந்திலே பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த பொலிஸ் படையின் அதிகாரி. 1916ஆம் ஆண்டு டப்ளினில் எழுந்த விடுதலைக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது, சரணடைந்த கைதிகளை அவர் இழிவாக நடத்தினார் என்ற குற்றச்சாட்டு இருந்தது. 1920ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15ஆம் நாள் காலை, கோரி என்னும் ஊரிலே, விடுதலைப் படையினர் அவரைத் தெருவிற் சுட்டுக் கொன்றனர்.

முப்பது வயதைக் கடந்த விதவை மேரி, தளர்ந்திருந்துவிடாமல் டப்ளின் திரித்துவக் கல்லூரியில் வைத்தியம் பயின்று, 1928ஆம் ஆண்டிற் பட்டம் பெற்று, குழந்தை வைத்தியராகப் பல்லாண்டு தொண்டாற்றினார். துயருற்ற காலத்தில் ஆறுதல் தந்த தோமஸ் பின்லே என்னும் யேசு சபைக் குருவுக்கு நன்றியாக, 1930களில் அச்சித்திரத்தை டப்ளினிலுள்ள யேசு சபையாரின் இல்லத்துக்கு வழங்கினார். அவர் காலமானது 1971ஆம் ஆண்டில். தாம் கொடுத்த பொருளின் பெயரை அவர் இறுதிவரை அறியவில்லை.

ஆயின், அதன் பெறுமதியையும் அறியாதிருந்தார் எனக் கூறிவிடலாமோ? கலையறிந்தோர் விட்டுவிட்ட ஒரு சித்திரம் அது. பேர்பெற்ற ஓவியருடையதென்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆயுதம் ஏந்திய மனிதர் ஒருவரைப் பிடிக்கும் காட்சியைத் தம் வீட்டிலே வைத்திருந்தார், கொலையுண்டவரின் மனைவி. தமக்கு ஆறுதலளித்தவருக்கு ஈடாகக் கொடுக்கத்தக்கது என அதனையே கருதினார். அவர் உள்ளத்தில் என்ன இருந்ததென்று நாம் புகுந்து சொல்லுதல் முறையன்று. ஆனால் வெறும் சுவர் அலங்காரமாகக் கருதியதொன்றை ஒருவர் நன்றிக் காணிக்கையாகத் தெரிந்துகொள்ளார் என்பது தெளிவு.

இரு தடங்கள் சந்தித்தன

இருபதாம் நூற்றாண்டிலே கரவாஜியோவின் புகழ் மீண்டும் தலையெடுத்தது. ரொபேர்த்தோ லொங்கி என்னும் இத்தாலிய அறிஞரின் முயற்சியால் 1951ஆம் ஆண்டில் மிலான் நகரிலே பெருங் கண்காட்சி நடந்தது. மக்கள் அங்கே திரண்டு கரவாஜியோவைக் கண்டு வியந்த நாட்களில், இச்சித்திரம் டப்ளின் போசனசாலையிலே புகையும் தூசியும் படிந்து கறுத்துக்கொண்டிருந்தது. பழைய பிரதிகள் பல ஐரோப்பாவெங்கும் கிடைத்தன. அவற்றுள் ஒன்று கருங்கடற் கரையிலுள்ள ஒடெஸா நகர அரும்பொருட் சாலையில் இருந்தது. மூலமோ கிடைக்கவில்லை.

1989ஆம் ஆண்டிலே, உரோமாபுரிப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவியர் இருவர், பிரான்செஸ்கா கப்பெல்லெத்தி, லௌரா தெஸ்தா என்போர், ரெக்கனாத்தி என்னும் சிற்றூரிலுள்ள பழைய மாளிகைக்குச் சென்றனர். மத்தேயி குடும்பத்தின் பழைய ஏடுகள் அங்கேதான் இருந்தன. அவர்கள் தேடிச் சென்றது வேறொரு சித்திரத்தைப் பற்றிய சான்று. ஏடுகளைப் பொறுமையாகப் புரட்டியபோது, சிரியாக்கோ மத்தேயியின் 125 ஸ்கூடிக் கணக்கும் அகப்பட்டது. பிற்காலத்துப் பட்டியலிலே அதே சித்திரம் ஹொந்தோர்ஸ்டின் பெயரில் எழுதப்பட்டிருப்பதும் அகப்பட்டது. பெயர் எங்கே மாறியது என்னும் புதிர் அவிழ்ந்தது. அவ்வழியே தொடர்ந்த தடம் ஸ்கொத்லாந்து வரை சென்று, 1921ஆம் ஆண்டு ஏலத்தோடு மறைந்தது.

அடுத்த ஆண்டு, 1990 ஓகஸ்டிலே, யேசு சபை இல்லத்தின் தலைவர், தம் இல்லத்துப் பழைய சித்திரங்களைத் துப்புரவு செய்ய முடியுமா என்று பார்க்கும்படி தேசிய சித்திரசாலையாரைக் கேட்டார். சென்றவருள் ஒருவர் செர்ஜியோ பெனெடெத்தி. சித்திரங்களைச் செப்பனிடும் பணியில் வல்ல இத்தாலியர். ஹொந்தோர்ஸ்ட் என்று எழுதப்பட்டிருந்த அந்தக் கறுத்த சித்திரத்தின் முன்னே அவர் நின்றார். பிரதிகளின் வாயிலாக அக்காட்சி அவர்க்கு முன்னமே பழக்கமானது. இது பிரதியன்று என்ற ஐயம் அவருள் எழுந்தது. அவர் ஆரவாரம் செய்யவில்லை. மூன்றாண்டுக் காலம் மறைவாக, பொறுமையாக ஆராய்ந்தார்.

பழைய மெருகும் அழுக்கும் நீங்கியபோது செவ்வாடை செவ்வாடையாயிற்று; கவசம் மின்னிற்று. எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்க்கையில் மேற்பூச்சின் அடியிலே திருத்தங்கள் தெரிந்தன. யூதாஸின் காது முதலிற் சற்று உயரத்திலே தீட்டப்பட்டு, பின்னர் மூடப்பட்டுக் கீழே இறக்கப்பட்டிருந்தது. முன்னர் கூறிய குறிப்பு இங்கே பயன்படுகின்றது. பிரதி செய்பவனுக்குக் காது எங்கே இருக்கவேண்டும் என்பது தெரியும். அவன் பார்த்தபடியே எழுதுவான். காதை ஓரிடத்தில் வைத்து, பொருந்தவில்லையென்று கண்டு, மாற்றி வைப்பவன் சித்திரத்தை முதன்முதலாகச் சிந்திப்பவனே. திருத்தமே ஆக்கியோனைக் காட்டிக்கொடுத்தது.

இத்தாலிய மாணவியர் கண்ட ஏட்டுத் தடமும், டப்ளினில் வெளிப்பட்ட சித்திரத்தின் தடமும் ஒன்றோடொன்று பொருந்தின. 1993ஆம் ஆண்டு நவம்பரில் சித்திரம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. யேசு சபையார் அதனை விற்கவில்லை; மேரி லீ-வில்சனை நினைந்து, கால வரையறையற்ற இரவலாகத் தேசிய சித்திரசாலைக்குக் கொடுத்துள்ளனர்.

பெயரும் பார்வையும்

இவ்வரலாற்றிலிருந்து இரு வேறு முடிவுகளுக்கு வரலாம். பெயரில் என்ன இருக்கின்றது, சித்திரம் ஒன்றுதானே என்று ஒருவர் கூறலாம். 8 கினிக்கு விலைபோன நாளிலும் யூதாஸின் நெற்றி அவ்வாறே சுருங்கியிருந்தது. யேசுவின் கைகள் அவ்வாறே கோத்திருந்தன. ஆயினும் பெயர் பயனற்றதன்று. பெயர் மீளாதிருந்தால் சித்திரம் புகையினுள்ளே மேலும் மேலும் கறுத்து மறைந்திருக்கும். இன்று அதன்முன் நிற்போர்க்கு அது எட்டியே இராது. உண்மையைப் பதிந்துவைத்த கணக்குப் பிள்ளைக்கும், அதைத் தேடியெடுத்த மாணவியர்க்கும் உலகம் கடமைப்பட்டிருக்கின்றது.

தவறு பெயரிடுதலில் இல்லை. பெயரை வாசித்தவுடன் பார்ப்பதை நிறுத்திவிடுதலிலேதான் இருக்கின்றது. இருநூறு ஆண்டுகளாக அறிஞர் பலர் ஹொந்தோர்ஸ்ட் என்னும் சொல்லைக் கண்டனர், அச்சொல்லோடு அமைந்தனர். பெனெடெத்தி அச்சொல்லைக் கடந்து சீலையைப் பார்த்தார். கவசமணிந்த வீரன் குறியை மாத்திரம் அறிந்தான். தன் கைக்கு அகப்பட்டவரை அறியவில்லை. மனிதரைக் குறித்தும் நாம் செய்வது பல வேளைகளில் இதுவேயன்றோ? ஊர், குலம், பட்டம், பிறர் சொல்லிவைத்த ஒரு சொல் ஆகியவற்றில் ஒன்று கிடைத்துவிட்டால் முகத்தைப் பார்க்க நாம் காத்திருப்பதில்லை.

சித்திரம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சியைக் கூறலாம். கலைக்கூடத்திலாயினும் புத்தகத்திலாயினும் ஒரு சித்திரத்தைக் கண்டால், அதன் கீழுள்ள எழுத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். ஒளி எங்கிருந்து வருகின்றது, கைகள் என்ன செய்கின்றன, யார் யாரைப் பார்க்கின்றார், யார் பார்க்காதிருக்கின்றார் என்று ஐந்து நிமிடம் நோக்குங்கள். அதன் பின்னர் கையை எடுத்துப் பெயரை வாசியுங்கள். பெயர் அப்போது நீங்கள் கண்டதோடு வந்து சேரும். நீங்கள் காணவேண்டியதை மறைக்காது.